மீளப் பெறுதல்

பதினொரு வருடமாக அவர் தோன்றவில்லை.
அவருக்காகத் தோன்றியவர்கள்தான் தோன்றினார்கள்:
முதலில் ஓயாத சளியுடன் ஒரு பெண்,
பிறகு பன்னிரண்டரைக்கே கோப்பை மூடிவிடும் வீரக்கோன்,
பிறகு பெயர் மனதில் நிற்காத இரண்டு பையன்கள்.
கொழும்பு இரவு ரயிலில் கசங்கி வந்து
கறுப்புக் கோட்டுக்குள் கொட்டாவியை மடித்துவைத்து,
"சட்டமா அதிபர் சார்பில் நான் தோன்றுகிறேன்."

அதைத் தமிழில் சொல்வது என் உத்தியோகம்.
பேசுகிறவர் "நான்" என்றால்
நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும், அதுதான் விதி.
கிண்ணியா முபீதா, முழங்கால் வலிக்காரி,
காலை ஒன்பதரைக்கு மேல் யாராகவும் இருப்பேன்.
கஞ்சா வைத்திருந்தேன். மனைவியை அடித்தேன்.
சம்பவ இடத்தில் நான் இருக்கவேயில்லை.
பின்னேரம் பாலம் கடந்து வீட்டுக்குப் போய்
கைகழுவி, மீன் வெட்டுவேன்.

வழக்கு இலக்கம் 1147.
கடலுக்குப் போனது மூன்று பேர்.
திரும்பி வந்தது படகு மட்டும்,
என்ஜின் கழற்றாமல், வலை நனையாமல்.
எதிரிகள் ஒன்பது பேர்; ஒன்பதும் இஸ்திரி போட்ட சட்டை.
இரண்டாம் வாங்கில் இராசமலர்.
தவணைக்குத் தவணை மூதூரிலிருந்து முதல் பஸ்.
மடியில் ஒரு ஷொப்பிங் பை,
அதற்குள் புருசனின் அடையாள அட்டை.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
கேட்டால் காட்டத்தான்.

அவர் வந்த நாளில் ஏழு வாகனங்கள்.
மதிலோரம் படுத்திருந்த மான்கள் எழும்பவில்லை;
பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி விரட்டினார்.
கெமராக்கள். புதுத் தேநீர்க் கோப்பைகள்.
"பெரியவரே வந்திட்டார் எண்டால்
விசயம் இருக்குத்தானே, தங்கச்சி?"
தலையாட்டினேன்.
ஆட்டியது என் தலைதான், வேறு யாருடையதும் இல்லை.

நினைத்ததைவிடக் குள்ளம்.
நல்ல குரல், நோயாளியிடம் டொக்டர் பேசும் குரல்.
நாற்பது நிமிடம் பேசினார், நாற்பது நிமிடமும் நான் அவர்.
குடியரசின் பெயரால் நான் ஆழ்ந்து பரிசீலித்தேன்.
பொது நலனை நான் நிறுத்துப் பார்த்தேன்.
சாட்சியங்கள் போதாதென்று திருப்தியடைந்தேன்.
(திருப்தி. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது;
முதலியார் தண்ணீர் தந்தார்.)
ஆகவே, சட்டம் எனக்களித்த அதிகாரத்தின்படி
குற்றப்பத்திரத்தை நான் மீளப் பெறுகிறேன்.

இராசமலர் எழும்பினாள்.
"என்ன கதை இது?
துலைச்சது நாங்கள்.
மீளப் பெறுறது அவரோ?"

அமைதி, அமைதி என்றார்கள்.
வாங்கிலிருந்து வரும் பேச்சு பதிவில் ஏறாது,
மொழிபெயர்க்க எனக்குக் கடமையும் இல்லை.
ஆனால் அவர் திரும்பி என்னைக் கேட்டார், சிங்களத்தில்:
அந்த அம்மா என்ன சொல்கிறார்?

அந்த மொழியில் வழக்கைக் கைவிடுவது ஒரு சொல்,
தொலைந்தது கைக்கு வருவது வேறு சொல்.
இரண்டும் ஒன்றையொன்று கண்டதில்லை.
அவள் கேள்வி தமிழில்தான் நிற்கும்,
துறைமுகத்துக்குள் வர முடியாத கப்பல் போல வெளியே.
கிட்டியதைச் சொன்னேன்:
"நீங்கள் எதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறீர்களாம்."

குனிந்து பார்த்தார்.
ஒரு கோப்பு. மூக்குக்கண்ணாடிக் கூடு.
பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்.
உதடு அசைந்தது. ஏதோ சொன்னார்,
ஒலிவாங்கியை அணைத்துவிட்டிருந்தார்கள்.
இராசமலர் அவரைப் பார்க்கவில்லை,
என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னேர பஸ்ஸில் கொண்டக்டர் கேட்டார்,
"எங்க இறங்குறீங்க?"
"நான்" என்று தொடங்கினேன்.
பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.
காசை நீட்டினேன்.